ட்ரெய்லரும் ஒன்றுமே நடக்காத விளையாட்டும்

உலகத்தில் உள்ள எந்தப் பொருளும் அதன் நிஜ அளவில் ட்ரெய்லரின் வாயிலிருந்து வெளியே வந்ததில்லை. அவன் கொசுவைப் பற்றிச் சொன்னால் கேட்கிறவர் காதில் ஹெலிகாப்டர் சத்தம் விழும். நாலு தூறல் போட்டால், கடல் ரோட்டைத் தாண்டிவிட்டது, செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பான். பெயர் வைத்தது செல்வம். "படம் எப்டியோ போவட்டும், இவன் விடுற ட்ரெய்லர் இருக்கு பாரு" என்று ஒரு நாள் அலுத்துக்கொண்டான். அதுவே நிலைத்துவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் அவன் ஷோரூம் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் மட்டும் இருந்தது.

புதுச்சேரியில், கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டின் மாடியில் நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருந்தோம். செல்வம் மீனவர் வீட்டுப் பையன். அண்ணன்களுக்கெல்லாம் கல்யாணமாகி வீட்டில் படுக்க இடமில்லாமல் எங்களோடு வந்து சேர்ந்தவன். உப்பளம் பகுதியில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க ஐஸ் கட்டிகளோடு பழகியதாலோ என்னவோ, பேச்சும் அப்படித்தான், சின்னச் சின்னத் துண்டாக விழும். ஜமால் காரைக்காலிலிருந்து வந்து, பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அவன் மாமாவின் பை கடையில் உட்கார்ந்திருந்தான். நான் ஒரு அச்சகத்தில் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். அதாவது, மற்றவர்கள் எழுதியதில் ஒற்று மிகுமா மிகாதா என்று கவலைப்படுவது. ட்ரெய்லர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் ஒரு ஷோரூமில் சேல்ஸ்மேன்.

கீழே வீட்டுக்கார அம்மா. அவரை ஊரே மதாம் என்றுதான் கூப்பிடும். கணவர் பிரெஞ்சுக் கடற்படையில் இருந்து காலமானவர். மகள் பாரீஸில். மதாம் மட்டும் இங்கே ஒரு குரோட்டன்ஸ் தோட்டத்தோடும் எங்களோடும் போராடிக்கொண்டிருந்தார்.

ட்ரெய்லர் ஒரு சாயங்காலம் மூச்சு வாங்க மாடியேறி வந்தான். "லாஸ்பேட்டை பக்கம் ஒரு பரோட்டா கடைடா. கடைன்னு சொல்லக் கூடாது, அது ஒரு ஒலகம். மாஸ்டர் பரோட்டாவ மேல வீசுறாரு பாரு, அது எறங்கி வர்றதுக்குள்ள நாம ஒரு குருமாவே முடிச்சிடலாம்."

இரண்டு வண்டிகளில் போனோம். அங்கே ஒரு தள்ளுவண்டி நின்றது. அதுவும் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. அடியில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அவன் இடத்தில் நானாக இருந்தால் வந்த வழியே ஓடியிருப்பேன். ட்ரெய்லர் இடுப்பில் கை வைத்துத் தார்ப்பாயைப் பெருமையாகப் பார்த்தான்.

"பாத்தியா, இவ்ளோ சீக்கிரம் தீந்துபோச்சி. அவ்ளோ கூட்டம்."

அதுதான் அவன் பலம். அவன் சொன்னதும் நடந்ததும் நேருக்கு நேர் சந்திக்கும் இடத்தில் அவன் நிற்கவே மாட்டான். அதற்குள் அடுத்த பரோட்டாவுக்குப் போயிருப்பான். ஏமாற்றம் என்பது எங்களுக்கு வரும், அவனுக்கு வராது.

மனிதர்களையும் அவன் விட்டுவைத்ததில்லை. ஜமாலின் தங்கை கல்யாணத்துக்கு நாங்கள் காரைக்கால் போயிருந்தபோது, என் தோளில் கை போட்டு ஒவ்வொருவரிடமும் அறிமுகப்படுத்தினான். "சார் யாருன்னு தெரியுதா? இவரு கைநாட்டு வெக்கலன்னா தமிழ்ல ஒரு புஸ்தகம் வெளிய வராது." நான் பிரியாணியை அடைவதற்குள் மூன்று பேர் கவிதை கொண்டுவந்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் ரொம்ப காலத்துக்கு, நிலவைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் என் போனுக்குக் கவிதைகள் வந்துகொண்டிருந்தன. கீழே மறக்காமல் 'ஆவன செய்யவும்' என்று இருக்கும்.

மதாம் வீட்டுக் குழாய் ஒழுகியபோது ஒரு பிளம்பரை அழைத்து வந்தான். "மதாம், இவரு வீட்டுக்கெல்லாம் வர்ற ஆளு இல்ல. கப்பலுக்கே பைப்பு போட்டவரு." கப்பலுக்குப் பைப்பு போட்டவர் வந்து போன பிறகு, சமையலறைக் குழாயைத் திறந்தால் குளியலறையில் தண்ணீர் கொட்டியது. மதாம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடிப்படியில் பாதி ஏறி நின்று, வழக்கம்போல ஒரு பிரெஞ்சு வார்த்தையில் தொடங்கிக் கேட்டார்:

"அலோர், அந்தக் கப்பல் இப்ப எங்க இருக்குன்னு கொஞ்சம் விசாரிச்சிச் சொல்றியா?"

ஆனால் ஷோரூமில் அவன்தான் ராஜா. மிக்ஸி வாங்க வந்தவர்கள் டிவியோடு திரும்புவார்கள். ஒருவர் அடுத்த வாரமே கோபமாக வந்தாராம். "இன்னாப்பா இது, கடைல பாத்தப்ப புலி வெளிய வந்துடற மாதிரி இருந்துது. எங்க வூட்ல உள்ளயே நடந்துகினு இருக்குது." ட்ரெய்லர் அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொன்னானாம்: "புது எடம் சார். பழகட்டும், தன்னால வரும்." அவர் சமாதானமாகி, போகும்போது ஒரு மின்விசிறியும் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு வீடியோ கேம் எமனாக வந்தது.

அந்த விளையாட்டின் முன்னோட்டத்தை ஷோரூம் டிவியில்தான் அவன் முதலில் பார்த்திருக்கிறான். வெளிர் மஞ்சளாக ஒரு மணல்வெளி. பழுப்புப் போர்வை போர்த்திய ஒரு சின்ன உருவம். தூரத்தில் ஒரு மலை, மலையுச்சியில் ஒரு வெளிச்சம். பின்னணியில் ஒற்றை வயலின். அவ்வளவுதான் முன்னோட்டம். ஆனால் அதைச் செய்தவன் யாரோ, ட்ரெய்லரை விடப் பெரிய ட்ரெய்லர். வாழ்க்கையில் முதல் முறையாக நம் ஆள் எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்து வாய் பிளந்து கேட்டிருக்கிறான்.

"அதுல சண்ட கெடையாதுடா. துப்பாக்கி கெடையாது. ஒரு வார்த்த பேச்சு கெடையாது."

"அப்ப இன்னாதான் இருக்குது?" என்றான் செல்வம்.

"எல்லாமே இருக்குது. நீயா தேடிக் கண்டுபிடிக்கணும். ஒரு மனுஷன் தன்னத் தானே தேடிப் போறான்டா. வெளையாடி முடிச்சவன்லாம் அழுவுறானாம்."

அதற்கப்புறம் ஒரு மாதம் எங்களுக்குச் சோறு, தண்ணீர் எல்லாம் அந்த மலைப் பேச்சுதான். விளையாட்டுப் பெட்டி ஒன்றை யாரிடமோ பழையதாக வாங்கினான். ஷோரூமில் ஓரத்தில் கோடு விழுந்து விற்காமல் கிடந்த பெரிய டிவியை மேனேஜரிடம் கெஞ்சிக் கொண்டுவந்து, எங்கள் ஹாலில் மாட்டினான். மாட்டிய பிறகு ஹாலில் அதைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. கதவைப் பாதிதான் திறக்க முடியும். ஜமால் கொஞ்சம் பூசினாற்போல இருப்பான், பக்கவாட்டில் நுழையப் பழகிக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளியீட்டு விழா. ஜமால் மாமா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. செல்வம் வஞ்சிரம் வறுத்தான். மதாம் தன் நாற்காலியையும், ரம்மில் ஊறவைத்து அவர் கத்தோ என்று சொல்லும் கேக்கையும் கொண்டுவந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ட்ரெய்லர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி வைத்திருந்தான். கன்ட்ரோலரைக் கையில் எடுத்தவன் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

மணல் வந்தது. போர்வை போர்த்திய ஆள் வந்தான். தூரத்தில் மலை. ஆள் நடந்தான்.

நாங்கள் சாப்பிட்டோம். ஆள் நடந்தான்.

"எப்ப ஆரம்பிக்கும்?" என்றான் செல்வம்.

"ஆரம்பிச்சிடுச்சி."

"இல்ல, ஆட்டம் எப்ப ஆரம்பிக்கும்?"

"இதான் ஆட்டம்."

செல்வம் மீனில் முள்ளெடுப்பதற்குத் திரும்பிவிட்டான். மதாமுக்கு அந்த ஆளின் மேல் கவலை வந்துவிட்டது. "யாரு இந்தப் பையன்? எங்க போறான்?"

"மலைக்குப் போறான் மதாம்."

"பஸ் கெடையாதா?"

ஜமால் சொன்னான்: "ஒரு தண்ணி பாட்டிலாவது எடுத்துட்டுப் போயிருக்கலாம்."

"இருங்க, இருங்க" என்றான் ட்ரெய்லர். "இது பில்டப்பு."

கன்ட்ரோலரில் உள்ள பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். ஒன்றை அழுத்தினால் ஆள் உட்கார்ந்தான். இன்னொன்றை அழுத்தினால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். மற்றதெல்லாம் சும்மா. கொஞ்ச நேரத்தில் ஒரு இடிந்த தூண் வந்தது. ட்ரெய்லர் எழுந்தே நின்றுவிட்டான். "இதோ, இதோ." தூணைச் சுற்றி ஒரு நடை. அது தூண்தான். பிரியாணி தீர்ந்தது. கேக் தீர்ந்தது. ஜமால் சுவரில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஹாலில் நடந்த பரபரப்பான விஷயம் அந்தக் குறட்டைதான்.

கடைசியில் ஆள் மலையுச்சிக்குப் போய்ச் சேர்ந்தான். வெளிச்சம் பெரிதாகி, திரை முழுக்க வெள்ளையாகியது. நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம், ஜமாலும் விழித்துக்கொண்டான். வெள்ளை மெல்ல விலகியது. மணல்வெளி. போர்வை போர்த்திய ஆள். தூரத்தில் மலை.

ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றிருந்தான்.

அப்புறம் இந்த விளையாட்டைத் தயாரித்தவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. ஓடின, ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. மதாம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"ஒண்ணுமே நடக்காததுக்கு இத்தன பேரா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ட்ரெய்லரின் முகத்தைப் பார்த்ததால் சிரிக்க முடியவில்லை. அவன் கன்ட்ரோலரைக் கீழே வைக்காமல், அடுத்து ஏதோ இருக்கிறது என்பதைப் போலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மதாம் போகும்போது அவன் தலையில் கை வைத்து, "மீன் ரொம்ப நல்லா இருந்துது" என்று சொல்லிவிட்டுப் போனார். மீன் வறுத்தது செல்வம்.

வழக்கமாக இந்நேரம் அவன் அடுத்ததற்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்த வாரம் முழுக்க, ஷோரூமிலிருந்து வந்ததும் மணலில் இறங்கிவிடுவான். மலைக்குப் போகாமல் இடது பக்கம் நடந்து பார்த்தான், வலது பக்கம் நடந்து பார்த்தான். ஓர் எல்லைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத சுவர். ஆள் நின்ற இடத்திலேயே காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பான். அவனை அப்படியே நடக்கவிட்டு ட்ரெய்லர் பார்த்துக்கொண்டிருப்பான்.

"ஏமாத்திட்டானுங்கடா, விடு" என்றேன்.

"இல்லடா. படிச்சிப் பாத்தேன். எல்லாரும் அழுதுருக்கான். ஜப்பான்ல ஒருத்தன், எங்கப்பா செத்தப்பகூட நான் இப்டி அழுவலன்னு எழுதியிருக்கான். ஒருத்தன் வேலையே வுட்டுட்டானாம்." கன்ட்ரோலரைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அத்தினி பேருக்கும் இன்னாவோ தெரிஞ்சிருக்குது. எனக்கு மணலுதான் தெரியுது."

மூடிய தள்ளுவண்டியிலேயே கூட்டத்தைப் பார்த்தவன் அவன். அவனுக்கு மணல் மட்டும் தெரிந்தது என்றால் அது சின்ன விஷயமில்லை. அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது.

இரவுச் சாப்பாட்டைப் பற்றி ஜமால் கேட்டான், மெஸ்ஸில் இன்றைக்கு என்ன, எப்படி இருந்தது என்று. சாதாரணமாக இந்தக் கேள்விக்குப் பதில் முடிய அரை மணி நேரம் ஆகும். சாம்பார் ஆறாக ஓடியிருக்கும், அப்பளம் ஆகாயத்தை மறைத்திருக்கும்.

"சோறு இருந்துது" என்றான் ட்ரெய்லர்.

ஜமால் என்னைப் பார்த்தான். நான் செல்வத்தைப் பார்த்தேன்.

அந்த வாரக் கடைசியில் நான் அவனோடு டீக்கடையில் நின்றபோது தெரிந்தவர் ஒருவர் வந்தார். ட்ரெய்லர் என்னைக் காட்டி, "இவரு ப்ரூஃப் பாக்குறாரு" என்றான். அவ்வளவுதான். வந்தவர் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தார். உண்மையைத்தான் சொன்னான், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் என் நிஜ அளவு எனக்கே ரொம்பச் சின்னதாக இருந்தது. தமிழ்ப் புத்தகங்களுக்கெல்லாம் நான் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த காலத்தை நினைத்து ஏக்கமாக வந்தது.

ஷோரூமில் நிலைமை இன்னும் மோசம். ஒரு குடும்பம் டிவி பார்க்க வந்திருக்கிறது. இவன், "டிவிங்க. போட்டா படம் தெரியும்" என்று சொல்லிவிட்டு நின்றிருக்கிறான். அவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். மேனேஜர் அழைத்து, இப்படியே போனால் தீபாவளிக்கு உன்னைக் குடோனுக்கு மாற்றிவிடுவேன், அங்கே அட்டைப் பெட்டிகளோடு பேசிக்கொண்டிரு என்று சொல்லிவிட்டார். இதையும் எங்களிடம் அவன் ஒரே வாக்கியத்தில் சொன்னான். அதில் மேனேஜரின் மீசைகூட வரவில்லை.

மறுநாள் காலை மதாம் மேலே வந்தார். "அந்தப் பையன் ஏன் சத்தமே போடல? ஜொரமா?"

விஷயத்தைச் சொன்னோம். அவர் டிவியை ஒரு பார்வை பார்த்தார். "பெருமாள் கோயில் யான கணக்கா இருந்த புள்ளைய இந்தச் சனியன் பூன ஆக்கிடுச்சா?" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "போடு அத. நானும் தேடுறேன்" என்றார்.

அடுத்த வாரம், ட்ரெய்லர் வேலைக்குப் போனதும் நாங்கள் முறை வைத்துக்கொண்டு அந்த மணலில் நடந்தோம். எனக்கு அச்சகத்தில் மத்தியானம்தான் வேலை, அதனால் காலையில் நான் நடந்தேன். செல்வம் ஐஸ் கம்பெனியிலிருந்து வந்து நடந்தான். மதாம் கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஆளைப் பின்பக்கமாகவே நடக்க வைத்தார். விளையாட்டைச் செய்தவன் மறைத்து வைத்த ஏதாவது ஒன்று, ஒரு குகையோ, ஒரு கிணறோ, ஒரு பூவோ கிடைக்காதா என்று பார்த்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை. தூண் மட்டும் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பேரும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். செல்வம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னான்:

"உன் ஆட்டத்துல இன்னிக்கு ஒரு ஆட்டப் பாத்தேன்."

ட்ரெய்லர் நிமிர்ந்தான். "எந்த ஆட்டத்துல?"

"மணல்ல."

"இன்னாத்தப் பாத்த?"

"ஆடு. மே மேன்னு கத்துமே, அது. மலைக்கு இந்தாண்ட நின்னுகினு இருந்துது. நான் கிட்ட போனேன். போயிடுச்சி."

அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. செல்வம் வாழ்நாளில் பொய் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அதனால் ஒரு நொடி எனக்கே அந்த ஆடு தெரிந்தது.

ஜமாலுக்குப் பொறுக்கவில்லை. "நானும் பாத்தேன்" என்று ஆரம்பித்தான். "தூண் இருக்குதில்ல, அது பின்னாடி ஒரு சந்து. சந்து உள்ள போனா பெரிய கடைத்தெரு. லைட்டு, ஜனங்க, அத்தர் கடை, ஒருத்தர் பிரியாணி தம் போட்டுக்கிட்டு இருக்காரு, நம்ம மாமா கடை மாதிரியே ஒரு பை கடை..."

"உங்க மாமா கடையா?" என்றான் ட்ரெய்லர்.

"மாதிரிதான் சொன்னேன். நம்ம கடைல ஜிப்பு இதவிட நல்லா இருக்கும்."

ட்ரெய்லர் என் பக்கம் திரும்பினான். நான் ஒன்றும் தயார் செய்திருக்கவில்லை. "ஒரு கதவு பாத்தேன்" என்றேன்.

"உள்ள போனியா?"

"பூட்டியிருந்துது."

மெய்ப்பு பார்க்கிறவனின் கற்பனைக்கு அவ்வளவு தூரம்தான் எட்டியது. அந்த நேரம் மதாம் கீழிருந்து முறுக்குத் தட்டோடு வந்தார். என்ன பேச்சு என்று கேட்டார். மணலில் பார்த்ததைப் பற்றி என்று சொல்லி ஜமால் கண்ணைக் காட்டினான். அவர் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நான் கப்பலப் பாத்தேன்" என்றார்.

"மணல்ல கப்பலா மதாம்?" என்றான் ட்ரெய்லர்.

"மணல்லதான். தரதட்டி நின்னுது. மேல ஒருத்தர் வெள்ள யூனிஃபார்ம்ல நின்னாரு. தொப்பியக் கழட்டி எனக்குக் காட்டுனாரு." முறுக்கை உடைத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். "எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருந்துது. ஆனா அவருக்கு இவ்ளோ முடி கெடையாது."

ட்ரெய்லர் எங்கள் நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தான். இந்தத் தொழிலில் ஊறியவன் அவன். நாங்கள் நேற்று வந்தவர்கள். கண்டுபிடித்திருப்பான் என்பதில் சந்தேகமே இல்லை. கோபப்படுவான், எழுந்து உள்ளே போவான் என்று நினைத்தேன்.

"ஏண்டா செல்வம்" என்றான். "ஆடு சும்மா நின்னுது, போயிடுச்சின்னு சொன்னா எவன்டா நம்புவான்?"

செல்வம் முறுக்கைக் கடித்தான்.

"அது கண்ணு எப்டி இருந்துது?"

"ஆட்டுக் கண்ணு மாரிதான்."

"அதான் தப்பு. அது உன்னப் பாத்திருக்கணும்டா. ரொம்ப நாளா உனக்காகத்தான் அங்க நிக்கிது. கழுத்துல மணி இருக்கு, ஆனா சத்தம் வராது. ஏன்னா நாக்க யாரோ கழட்டிட்டாங்க. யாரு கழட்டுனது?"

"யாரு?" என்றான் செல்வம். அவனுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

"அதுக்குத்தான்டா மலைக்குப் போவணும்." ட்ரெய்லர் எழுந்து நின்றுவிட்டான். கை ஆட இடம் வேண்டுமென்று டீ டம்ளர்களை ஜமால் ஓரத்துக்குத் தள்ளினான். "ஜமாலு, உன் கடைத்தெருவுல பிரியாணிய எடுத்துடு. பசி வந்துட்டா பயம் போயிடும். நீ அந்தக் கதவப் பூட்டுனது சரி, ஆனா உள்ளேருந்து யாரோ தட்டணும். மதாம், உங்க கப்பல்ல நான் கை வெக்கல. அது அப்டியே இருக்கட்டும்."

"மெர்சி" என்று நன்றி சொன்னார் மதாம்.

இருட்டும் வரை பேசினான். ஆடு மலையேறியது, கதவு தட்டியது, கடைத்தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்த டிவி அணைந்துதான் கிடந்தது, ஒருவரும் அதைப் போடவில்லை. ஜமால் ஒரு முறைகூடத் தூங்கவில்லை.

திங்கட்கிழமை அவன் அந்த ஆட்டின் கதையைச் சொல்லி ஷோரூமில் மூன்று டிவி விற்றதாகச் சொன்னான். அப்படியென்றால் ஒன்று விற்றிருப்பான். எங்களுக்கு அந்தக் கணக்குத் திரும்பி வந்ததே போதுமாக இருந்தது. குடோன் பேச்சு அடங்கியது. இரண்டு வாரம் கழித்து ஒருவர் கடைக்கு வந்து, விளையாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் டிவியில் மட்டும் ஆடு வரவில்லை என்று புகார் சொன்னார். ட்ரெய்லர் அசரவில்லை. அந்த ஆட்டை நேரில் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார், அவரையே கேளுங்கள் என்று செல்வத்துக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்துவிட்டான். செல்வம் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "ஆமாங்க, பாத்தேன். நின்னுது. போயிடுச்சி" என்று சொல்லியிருக்கிறான். அவருக்கு அது போதுமாக இருந்ததாம்.

ஒரு நாள் பீச்சில் சுண்டல் தின்றுகொண்டு நடந்தபோது அவனிடம் கேட்டேன். "நாங்க யாரும் ஒண்ணுமே பாக்கலன்னு உனக்கு அப்பவே தெரியுமில்ல?"

"தெரியாம? நீ கதவுன்னு சொன்னப்ப உன் மூஞ்சியப் பாக்கணுமே."

"அப்புறம் ஏன் கேட்டுக்கிட்டு இருந்த?"

அவன் சுண்டலில் மாங்காய்த் துண்டைத் தேடினான். "செல்வம் எனக்காவ ஒரு ஆட்ட ஓட்டிக்கினு வந்தான்டா. பொய்யே சொல்லத் தெரியாத பய. அத எப்டி வேணாம்னு சொல்றது?"

அந்த விளையாட்டைப் பற்றி அவன் அதற்குப் பிறகு குறை சொல்லவில்லை, புகழவுமில்லை. பெட்டியை யாருக்கோ விற்றான். என்ன சொல்லி விற்றான் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அந்த மாடியில் வேறு யாரோ இருக்கிறார்கள். எங்களுக்கெல்லாம் கல்யாணமாகிவிட்டது. ட்ரெய்லரை அவன் கம்பெனி வேலூர்க் கிளைக்கு மேனேஜராக்கி அனுப்பிவிட்டது. மாதம் ஒரு தடவை போன் பண்ணுவான். போன வாரம் பேசும்போது புது வீடு கட்டிக் குடிபோன கதையைச் சொன்னான். மொட்டை மாடியில் நின்றால் கோட்டை காலடியில் தெரிகிறதாம். விடியற்காலையில் மேகம் இறங்கி வந்து, கொடியில் காயும் துணியையெல்லாம் தொட்டுவிட்டுப் போகிறதாம்.

"எல்லாரும் வாங்கடா. மதாமையும் கூட்டிக்கினு வாங்க. ஆனா சொல்லிட்டேன், ஸ்வெட்டர் இல்லாம வந்துடாதீங்க. தாங்க மாட்டீங்க."

அடுத்த வாரம் மதாமோடு நாலு பேர் போகிறோம். அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டது. நேற்று நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் ஏறி நாலு ஸ்வெட்டர் கேட்டேன். கடைப் பையன்கள் கூடிப் பேசி, பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கித் தூசி தட்டினார்கள். கல்லாவில் இருந்த முதலாளி கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, ஊட்டியா சார் என்று விசாரித்தார்.

"வேலூருங்க" என்றேன்.

அவர் துண்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாடில மேகம் எறங்குதாம்ங்க" என்றேன். "எங்க ஆளு சொன்னான்."